தவணைக் காசு எந்தத் திகதியில் வரும்?

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்டிக்கும் பேராதனைக்கும் நடுவே எங்கள் வீடு. மேல்மாடியில் இருக்கும் இரண்டு அறைகளையும் படிக்கிற பெண்பிள்ளைகள் ஐந்து பேருக்கு போர்டிங் கொடுத்திருக்கிறோம். மூன்று பேர் தோட்டத்துப் பிள்ளைகள். தெல்தோட்டை, புசல்லாவை, மஸ்கெலியாப் பக்கம். மற்ற இருவரில் ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி மன்னார். இரண்டு பேருக்கு மகாபொல கிடைக்கிறது, இரண்டு பேருக்கு பர்சரி. முதலாம் வருடத்துப் பிள்ளைக்கு இன்னும் ஒன்றுமே தெரியவில்லை.

இந்தக் காசு மாதாமாதம் வருவதில்லை. இரண்டு மூன்று மாதம் ஒன்றும் இல்லை, பிறகு ஒரேயடியாகச் சேர்ந்து வருகிறது. வந்த அன்றே சந்திக் கடையின் கடன் கொப்பிக்கும் கூட்டாளிகளிடம் வாங்கிய கைமாற்றுக்கும் போய்விடுகிறது. எனக்கு வாடகையும் பிந்துகிறது. அதைவிட என்னை வருத்துவது வேறு. ஒரு பிள்ளை கொஞ்ச நாளாக மத்தியானம் சாப்பிடுவதில்லை. கேட்டால் "விரதம், டீச்சர்" என்கிறாள். கிழமையில் எத்தனை நாள்தான் விரதம் இருப்பாள்?

கந்தோரில் போய்க் கேளுங்கள் என்றால் பயப்படுகிறார்கள். கேட்டால் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். ஏன் இப்படிப் பிந்துகிறது? பிள்ளைகள் முறையாக எங்கே, எப்படிக் கேட்பது? வாடகையை நான் விட்டுக்கொடுப்பதா? என்னுடைய ஓய்வூதியத்தில்தான் கணவரின் மருந்துச் செலவும் போகிறது.

— ஓர் ஆசிரியை, கண்டி

பதில்:

டீச்சர், நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலில் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மூன்றுக்கும் வழியை மறித்து நிற்பது அதுதான். தவணை ஏன் வரவில்லை என்று கேட்டதற்காக எந்தப் பிள்ளையின் மகாபொலவையும் பர்சரியையும் யாரும் நிறுத்த முடியாது. வருமான விபரம் பொய்யாக இருந்தால் நிறுத்தலாம், பதிவைப் புதுப்பிக்காவிட்டால் நிறுத்தலாம், விரிவுரை வரவோ பரீட்சையோ விதிப்படி இல்லாவிட்டால் நிறுத்தலாம். கேள்வி கேட்பது இந்தக் காரணங்களில் எதிலும் அடங்காது. பல்கலைக்கழகமொன்றில் மாணவர் நலன்புரி வேலைகளோடு நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேட்காமல் இருந்ததால் காசை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், கேட்டதால் இழந்தவர்களைப் பார்த்ததில்லை. இதை ஐந்து பேரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஆசிரியை ஒருவர் வாயால் கேட்டால் நம்புவார்கள்.

இனி, ஏன் பிந்துகிறது என்பது. மகாபொல 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான நம்பிக்கை நிதியம். அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்தார். மகாபொலக் கண்காட்சிகளில் சேர்ந்த பணமும் பின்னர் அபிவிருத்தி லொத்தரிலிருந்து வந்த பணமும் அந்த நிதியத்தை வளர்த்தன. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் லொத்தர் சீட்டு வாங்குகிறவரின் காசிலும் ஒரு துளி இந்தப் பிள்ளைகளுக்கு வருகிறது. ஆனால் பிள்ளையின் கையில் கிடைக்கும் தொகை முழுவதும் நிதியத்தினுடையதல்ல. ஒரு பங்கு நிதியத்திலிருந்தும் மறுபங்கு திறைசேரியிலிருந்தும் வருகிறது. திறைசேரிப் பங்கு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும். பர்சரியோ முழுக்க அரசாங்கப் பணம்.

இது மேலிருந்து வரும் பாதை. கீழிருந்து போகிற பாதை ஒன்றும் இருக்கிறது. பிள்ளை பதிவில் இருக்கிறாளா, விரிவுரைக்கு வருகிறாளா என்று பீடம் உறுதிப்படுத்த வேண்டும். மாணவர் சேவைகள் பிரிவு பெயர்ப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், நிதிப் பிரிவு அதைச் சரிபார்த்து வங்கிக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் தயாராக இருக்கும்போது பணம் வந்திருக்காது. பணம் வந்த கிழமையில் ஒரு பீடத்தின் வரவு விபரம் வந்திருக்காது. ஏதோ ஒரு மேசையில் பத்து நாள் தங்கினாலும் மாதம் தவறிவிடும். பெரும்பாலான தாமதங்களில் வில்லன் என்று ஒரு ஆள் இல்லை. ஒவ்வொரு மேசையும் தன் வேலையை முடித்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கும், பிள்ளையின் கணக்கு மட்டும் வெறுமையாக இருக்கும்.

பல பிள்ளைகள் அறியாத இன்னொரு விஷயம். மகாபொல ஒரு கல்வியாண்டுக்கு 10 தவணைகளாகவே கணக்கிடப்படுகிறது. கல்வியாண்டு பத்து மாதத்தில் முடிந்த காலம் போய்விட்டது. கொரோனாவும் வேலைநிறுத்தங்களும் பரீட்சைப் பின்தள்ளல்களும் சேர்ந்து ஓராண்டை இழுத்துவிடும்போது, தவணை முடிந்த பிறகும் பிள்ளை போர்டிங்கிலேயே இருக்கிறாள், சாப்பிடுகிறாள், வாடகை கொடுக்கிறாள். அவளுக்கு இது தாமதமாகத் தெரியும், கந்தோருக்குக் கணக்கு முடிந்துவிட்டது. ஆகவே உங்கள் பிள்ளைகள் இந்த ஆண்டுக்கு எத்தனை தவணை வாங்கிவிட்டார்கள் என்று வங்கிப் புத்தகத்தை முதலில் அச்சிட்டுப் பாருங்கள். பிந்தியது எது, முடிந்துபோனது எது என்று பிரித்துக்கொண்டால்தான் கடிதம் எழுத முடியும்.

முதலாம் வருடப் பிள்ளையின் சங்கதி வேறு. புதிய அணி பதிவு செய்து, மகாபொலத் தெரிவு முடிந்து, பட்டியல் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அதில் இல்லாதவர்களை எடுத்துத்தான் பர்சரிக்குப் பார்ப்பார்கள். ஒரே ஆள் இரண்டையும் வாங்க முடியாது என்பதால் ஒன்று முடியாமல் மற்றது தொடங்காது. வீட்டை விட்டு முதன்முதலாக வந்து, வாளி, மெத்தை, கொப்பி, பஸ் சீட்டு என்று எல்லாவற்றுக்கும் காசு தேவைப்படும் அந்த மாதங்களில்தான் கை வெறுமையாக இருக்கிறது. பிறகு நிலுவையோடு சேர்த்து வரலாம், ஆனால் அதற்குள் அவள் பட்ட கடன் பட்டதுதான்.

தொகையைப் பற்றி நாட்டில் நிறையப் பேசுகிறோம். பல ஆண்டுகளாக 5,000 ரூபாயில் நின்ற மகாபொலவை 2025 வரவு செலவுத் திட்டம் 7,500 ஆக்கியது. பர்சரி 4,000இலிருந்து 6,500 ஆனது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் திகதியைப் பற்றி யாரும் அதே அக்கறையோடு பேசுவதில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனது. அந்த ஆண்டில் மூன்று மாதம் பிந்தி வந்த 5,000 ரூபாய் பெயருக்குத்தான் 5,000. சாதாரண காலத்திலும் அப்படித்தான். மூன்று பர்சரித் தவணை சேர்ந்து 19,500 ரூபாயாக வந்தால் பார்க்கப் பெரிய தொகை. அதில் கடன் போக மிஞ்சுவது அடுத்த கிழமைக்குக் காணாது. என்னைக் கேட்டால், உதவித்தொகையில் பாதி அதன் தொகை, மறுபாதி அது வரும் திகதி.

தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது நன்றாகப் புரியும். தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம் என்றால் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது, மீறினால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோதும், போதாது என்று சண்டை பிடித்த தாய்க்கு, எந்தத் திகதிக்குள் அது கைக்கு வரும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அதே தாயின் மகளுக்கு அரசாங்கம் தரும் காசுக்கு அப்படியொரு திகதி சொல்லப்படுவதில்லை. இது மாற வேண்டும். ஒவ்வொரு தவணையும் எந்தத் திகதியில் வங்கிக்குப் போகும் என்று கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பீடத்தின் அறிவித்தல் பலகையிலும் மூன்று மொழியிலும் ஒட்ட வேண்டும். பிந்தினால் எந்த இடத்தில் நிற்கிறது என்று அதே பலகையில் எழுத வேண்டும். இதற்குப் புதிதாகப் பணம் ஒதுக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில் மாணவர் வாழ்க்கைச் செலவுக் கடனை ஆண்டுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தவணைக்காலத் தொடக்கத்திலும் கொடுக்கிறார்கள். திகதி முன்கூட்டியே மாணவரின் கணக்கில் தெரியும். கடன்தான், இலவசமில்லை, ஆனால் எந்த நாளில் கையில் காசு இருக்கும் என்று தெரிந்தே அறை பேசுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, கணினி மயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோருக்குத் தென்னாபிரிக்காவைக் காட்டுவேன். அங்கே தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம் 2023இல் தனியார் நிதித் தொழில்நுட்பக் கம்பனிகள் மூலம் மாணவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பத் தொடங்கியது. பலருக்குக் காசு வந்து சேரவில்லை, கட்டணங்கள் வெட்டப்பட்டன, வளாகங்களில் ஆர்ப்பாட்டம் வெடித்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் அதன் தலைமை நிறைவேற்று அதிகாரி பதவி நீக்கப்பட்டார். யார் பொறுப்பு, எந்த நாளுக்குள் என்ற இரண்டையும் தீர்மானிக்காமல் வழியை மட்டும் மாற்றினால் பிள்ளைகளின் வயிறு நிறையாது.

இப்போது பிள்ளைகள் செய்ய வேண்டியது. முதலாவது படி, எழுத்தில் கேட்பது. கவுண்டரில் நின்று "காசு எப்ப வரும்?" என்று கேட்டால் "வரும்" என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பக்கக் கடிதம் போதும். பெயர், பதிவிலக்கம், பீடம், மகாபொலவா பர்சரியா, கடைசியாகக் கிடைத்த தவணை எந்த மாதத்துக்குரியது, அது எந்தத் திகதியில் கணக்கில் விழுந்தது. பிறகு மூன்று கேள்விகள்: அடுத்த தவணைக்கான பட்டியலில் என் பெயர் இருக்கிறதா? அந்தப் பட்டியல் நிதிப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட திகதி எது? இன்னும் அனுப்பப்படாவிட்டால் எந்த ஆவணம் குறைகிறது? மாணவர் சேவைகளுக்குப் பொறுப்பான உதவிப் பதிவாளருக்கு எழுதி, பிரதியொன்றைப் பீடாதிபதிக்கு வைக்கட்டும். கையில் இருக்கும் பிரதியில் கிடைத்ததற்கான திகதி முத்திரையை வாங்காமல் திரும்ப வேண்டாம். இந்த முத்திரைதான் பிறகு எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் பிரதேசத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் அவரிடமிருந்து தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதத் தெரியாததால் கேட்காமல் விட்ட பிள்ளைகள் கண்டிப் பக்கத்தில் நிறைய. நடைமுறையில் சிங்களப் பிரதியொன்றையும் இணைத்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும் என்பது உண்மை. அதற்காகத் தமிழ்க் கடிதத்தைக் கைவிடத் தேவையில்லை.

பதில் வராவிட்டால் இரண்டாவது படி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். பல்கலைக்கழகம், மானியங்கள் ஆணைக்குழு, மகாபொல நிதியம் மூன்றும் இந்தச் சட்டத்துக்குள் வரும். தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கு. இதில் "ஏன் பிந்துகிறது" என்று கேட்காதீர்கள். ஏன் என்பது விளக்கம், அதைத் தட்டிக்கழிக்கலாம். திகதியைக் கேளுங்கள்: இந்த அணியின் இந்தத் தவணைக்கான பணம் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த திகதி, பட்டியல் அனுமதிக்கப்பட்ட திகதி, வங்கிக்கு அனுப்பிய திகதி. திகதிகள் பதிவேட்டில் இருக்கும், மறைக்க இடமில்லை. காசு எந்த மேசையில் தங்கியது என்பது அந்த மூன்று திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். ஒருத்தி கேட்டால் போதும், பதில் அந்த அணியில் எல்லோருக்கும் உதவும்.

மாணவர் சங்கங்கள் மகாபொல நிலுவைக்காக வீதிக்கு இறங்குவதை நான் குறைசொல்ல மாட்டேன். பல தடவை அந்தச் சத்தத்துக்குத்தான் காசு வந்திருக்கிறது. ஆனால் ஊர்வலத்தில் போகப் பயப்படும் பிள்ளைக்கும், வீட்டில் விடாத பிள்ளைக்கும் கடிதம் என்ற வழி திறந்திருக்க வேண்டும்.

சில தவணைகள் கந்தோரால் அல்லாமல் பெயரால் நின்றுபோகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, உயர்தரச் சான்றிதழில் ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி என்று பெயர் இருக்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. வங்கிக் கணக்கின் பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் பணம் போய்த் திரும்பி வரும், பிள்ளைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஐந்து பேருடைய புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பரீட்சைத்தாள் திருத்திய கண்ணுக்கு இது பெரிய வேலையில்லை. நெடுநாள் பாவிக்காமல் கிடந்த கணக்காக இருந்தால் வங்கிக்குப் போய் அதை உயிர்ப்பிக்க வேண்டும். முதலாம் வருடப் பிள்ளை கிராம சேவகரின் சான்றோடும் பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தலோடும் கூடிய வருமான விபரத்தின் பிரதியை இப்போதே கையில் வைத்திருக்கட்டும். பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் சகோதரர்களின் விபரத்தையும் சேர்க்க வேண்டும், பர்சரிக் கணக்கில் அது பார்க்கப்படுகிறது. ஊருக்கு ஒரு கடதாசிக்காக இரண்டாம் முறை போய்வரும் பஸ் காசும் ஒரு நாள் விரிவுரையும் மிச்சமாகும்.

விரிவுரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காசு பிந்தும்போது சில பிள்ளைகள் டியூஷன் கொடுக்கவும் கண்டி டவுனில் கடைகளில் காசாளராக நிற்கவும் போகிறார்கள். தப்பில்லை. ஆனால் அதனால் வரவு குறைந்தால் அடுத்த தவணையும் சிக்கலாகும். வேலை சனி ஞாயிறோடு நிற்கட்டும். போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற செயலிகளின் பக்கம் மட்டும் போகவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தோட்டத் தொழிலாளரின் மக்கள் மூவருக்கும் இன்னொரு கதவு இருக்கிறது. 1947இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளை, கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கி வருகிறது. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகையில் வரும், நேரில் போயும் விசாரிக்கலாம். இது அரசாங்கத் தவணைக்கு மாற்றில்லை, இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கும்.

வாடகை. முழுவதையும் விட்டுக்கொடுக்காதீர்கள், டீச்சர். உங்கள் நெஞ்சம் அதற்கு ஆசைப்படுகிறது என்று தெரிகிறது. ஆனால் கணவரின் மருந்துக்காசால் அரசாங்கத்தின் தாமதத்தைச் சுமக்க உங்களால் அதிக நாள் முடியாது. இரண்டு மாதம் விட்டுக்கொடுத்து மூன்றாம் மாதம் முகம் சுளிக்க நேர்ந்தால் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். வாடகையை இரண்டாகப் பிரியுங்கள். சிறிய பங்கை வீட்டிலிருந்து காசு வரும் நாளில், அதாவது தோட்டத்துப் பிள்ளைகளென்றால் 10ஆம் திகதிச் சம்பளத்துக்குப் பிறகு, தரட்டும். பெரிய பங்கைத் தவணை விழுந்த மூன்று நாளுக்குள் தரட்டும். ஒரு கொப்பியில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். கையில் பிடிமானமாக அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ வாங்கி வைக்கும் பழக்கம் சில போர்டிங்குகளில் இருக்கிறது, அதை நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மூன்று தவணை சேர்ந்து வரும்போது ஒரு மாதத்துக்குரியதை எடுக்காமல் வங்கியிலேயே வைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை முடியாது, கடன் விடாது. இரண்டாம் தடவை கொஞ்சம் முடியும்.

விரதம் என்று சொல்லும் பிள்ளையிடம் காரணத்தைக் கிண்டிக் கேட்க வேண்டாம். வீட்டில் சமைக்கும்போது ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டு, மத்தியானச் சோற்றை ஐந்து பேருக்கும் பொதுவாக்கிவிடுங்கள். அரிசிக் காசை மாத முடிவில் ஐந்தாகப் பிரித்து அதே கொப்பியில் எழுதுங்கள். தனக்கு மட்டும் தரப்பட்டால் அவள் சாப்பிட மாட்டாள். கடிதங்களை எழுத உட்காரும்போது அவளுடையதை முதலில் எழுதுங்கள்.